கலிடோனைட்டும் மைசோரினும்: நிலைத்த பெயரும் நீங்கிய பெயரும்

கலிடோனைட்டு என்பது ஈயமும் செம்பும் சேர்ந்த, அரிதாகவே கிடைக்கும் ஓர் இரண்டாம்நிலைக் கனிமம். மைசோரின் என்பது தென்னிந்தியச் செப்புத் தாது ஒன்றுக்கு ஒரு காலத்தில் வழங்கிய பெயர். இரண்டுக்கும் பெயரிட்டவர் பிரான்சு நாட்டுக் கனிமவியலாளர் பிரான்சுவா சுல்பீசு பியூடான். இரண்டும் பெயர் பெற்ற ஆண்டு 1832. கலிடோனைட்டு இன்றும் கனிமப் பட்டியலில் இருக்கிறது. மைசோரினோ 1879ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின் தனிக் கனிமம் என்னும் தகுதியை இழந்தது. ஒரே ஆண்டில் பெயர் பெற்ற இரண்டில் ஒன்று நிலைத்ததும் மற்றொன்று நீங்கியதும் ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கனிமம் ஒன்றைத் தனி இனம் என்று ஏற்க என்ன சான்று வேண்டும் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை உண்டு.

அன்றாட எடுத்துக்காட்டு

இரண்டாம்நிலைக் கனிமம் என்றால் என்ன என்பதை அறியச் சுரங்கத்துக்குப் போக வேண்டியதில்லை. வடசென்னையில் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வழியாகத் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் பேட்டரியைப் பார்த்தாலே போதும். பேட்டரியின் முனை ஈயத்தால் ஆனது. அதில் மாட்டும் கம்பி செம்பால் ஆனது. உள்ளே இருப்பது நீர்த்த கந்தக அமிலம். அமிலம் சிறிது சிறிதாகக் கசிந்து முனைவரை ஏறும்போது, கவனிக்காமல் விட்ட பேட்டரியில் வெள்ளையாகவும் நீலப்பச்சையாகவும் பொடி பூத்துவிடும். வெள்ளை பெரும்பாலும் ஈய சல்பேட்டு. நீலமும் பச்சையும் செம்பின் உப்புகள். மெக்கானிக்குகள் வெந்நீர் ஊற்றி இதைக் கழுவுவது வழக்கம். ஈய உப்பு நஞ்சு என்பதால் வெறுங்கையால் தொடுவது தவறு.

இங்கே ஈயமும் செம்பும் முதலில் இருந்த பொருள்கள். காற்று, ஈரம், அமிலம் ஆகியவற்றால் அவற்றின்மேல் பின்னர் உருவானது அந்தப் பொடி. பூமிக்குள் ஈயத் தாதுவும் செப்புத் தாதுவும் சேர்ந்து கிடக்கும் இடங்களில் இதே வகை மாற்றம் பல்லாயிரம் ஆண்டுகளாக மெல்ல நடக்கிறது. அங்கே பொடிக்குப் பதிலாகப் படிகம் வளர்கிறது.

இரண்டாம்நிலைக் கனிமங்கள் உருவாகும் முறை

பூமியின் ஆழத்தில் ஈயம் பெரும்பாலும் கலேனா என்னும் ஈய சல்பைடாகவும், செம்பு பெரும்பாலும் சால்கோபைரைட்டு என்னும் செம்பு-இரும்பு சல்பைடாகவும் கிடைக்கின்றன. இவை முதல்நிலைக் கனிமங்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியில் மழைநீர் ஆக்சிஜனைக் கரைத்துக்கொண்டு கீழிறங்குகிறது. சல்பைடில் உள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. செம்பு எளிதில் கரைந்து நகர்கிறது. ஈய சல்பேட்டு நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் ஈயம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்குகிறது. இரும்பு துருவாகி மேலே பழுப்புநிற மூடி போல நிற்கிறது. இப்பகுதியை ஆக்சிசனேற்ற மண்டலம் என்பர்.

இந்த மண்டலத்தில் எந்தக் கனிமம் தோன்றும் என்பதை நீரின் அமிலத்தன்மையும் அதில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவும் தீர்மானிக்கின்றன. அமிலம் மிகுந்தால் ஈயம் சல்பேட்டாக, அதாவது ஆங்கிலசைட்டாகப் படியும். சுண்ணாம்புப் பாறை அமிலத்தைத் தணித்தால் ஈயம் கார்பனேட்டாகி, செருசைட்டாகப் படியும். செம்பு கார்பனேட்டோடும் ஹைட்ராக்சைடோடும் சேர்ந்தால் பச்சை நிற மலக்கைட்டும் நீல நிற அசூரைட்டும் தோன்றும். ஈயமும் செம்பும் சல்பேட்டோடும் ஹைட்ராக்சைடோடும் ஒரே படிகத்தில் இணைந்தால் ஆழ்ந்த நீல நிற லினாரைட்டு.

கலிடோனைட்டுக்கு இவை எல்லாமே வேண்டும். ஈயம், செம்பு, சல்பேட்டு, கார்பனேட்டு, ஹைட்ராக்சைடு ஆகிய ஐந்தும் ஒரே படிகத்தில் அமைந்த கனிமம் இது. அமிலம் சற்று மிகுந்தால் கார்பனேட்டு கரைந்துபோகும். அமிலம் சற்றுக் குறைந்தால் சல்பேட்டுக்கு இடமிராது. இரண்டும் ஒருங்கே நிற்கும் நிலை மிகக் குறுகியது. கலிடோனைட்டு அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். எனவே அதைத் தாதுவாகக் கருதி எவரும் தோண்டுவதில்லை. சேகரிப்பாளரும் ஆய்வாளருமே அதைத் தேடுகின்றனர்.

கலிடோனைட்டின் பண்புகள்

வேதி அமைப்பு: 5 ஈய அணுக்கள், 2 செப்பு அணுக்கள், 3 சல்பேட்டு, 1 கார்பனேட்டு, 6 ஹைட்ராக்சைடு. எடையில் ஏறத்தாழ 64 விழுக்காடு ஈயம், 8 விழுக்காடு செம்பு.
படிக அமைப்பு: செஞ்சாய்சதுரம். படிகங்கள் நீண்டு, பக்கங்களில் கோடுகளோடு காணப்படும்.
நிறம்: நீலப்பச்சை முதல் களிம்புப் பச்சை வரை.
கீற்றுவண்ணம்: வெளிறிய நீலப்பச்சை.
கடினத்தன்மை: மோவின் அளவுகோலில் 2.5 முதல் 3 வரை. செப்புக் காசு ஒன்றின் கடினத்தன்மையும் ஏறத்தாழ இதுவே.
ஒப்படர்த்தி: 5.6 முதல் 5.8 வரை. சிறு துண்டே கையில் கனமாகத் தோன்றுவதற்கு ஈயம் காரணம்.
பிளவு: ஒரு திசையில் மிகத் தெளிவானது.
அமிலச் சோதனை: நைட்ரிக் அமிலத்தில் நுரைத்துக் கரையும். வெள்ளை ஈய சல்பேட்டு அடியில் தங்கும். நுரை கார்பனேட்டையும், வெள்ளைப் படிவு சல்பேட்டையும் ஈயத்தையும் காட்டும்.

முதலில் விவரிக்கப்பட்ட மாதிரிகள் ஸ்காட்லாந்தின் லெட்ஹில்ஸ் என்னும் சுரங்க ஊரிலிருந்து வந்தவை. ஊர்ப்பெயரின் பொருளே ஈயமலை. ஸ்காட்லாந்தின் பழைய இலத்தீன் பெயரான கலிடோனியாவிலிருந்து கனிமத்தின் பெயர் வந்தது. லெட்ஹில்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் 1741லேயே தங்களுக்கென்று சந்தா நூலகம் ஒன்றை அமைத்துக்கொண்டவர்கள் என்பதும் அவ்வூருக்கு உரிய சிறப்பு.

தென்னிந்தியாவின் பழைய சுரங்கங்கள்

தென்னிந்தியாவில் ஈயமும் செம்பும் அருகருகே கிடைக்கும் பகுதிகளில் முதன்மையானது ஆந்திராவின் பழைய குண்டூர் மாவட்டத்து அக்னிகுண்டாலா. கடப்பைப் படுகையைச் சேர்ந்த டோலமைட்டுப் பாறைகளே இங்கே தாதுவின் இருப்பிடம். இப்பகுதியில் பண்டலமொட்டு ஈயத்துக்கும் நல்லகொண்டா செம்புக்கும் பெயர் பெற்றவை. சென்னைக்கு வடக்கே நெல்லூர் மாவட்டத்தில் உதயகிரிப் பக்கத்துக் கரிமேனிபெண்டாவில் பழைய செப்புச் சுரங்கங்கள் உண்டு. தமிழ்நாட்டுக்குள் தென்னார்க்காட்டு மாமண்டூரில் துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் கலந்த தாது அறியப்பட்டுள்ளது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சுரங்கங்களை நேரில் பார்த்து எழுதியவர் பெஞ்சமின் ஹெய்ன். 1770இல் ஜெர்மனியில் பிறந்த அவர், மொராவியன் சபையின் சார்பில் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றினார். காலின் மெக்கன்சியின் மைசூர் அளவாய்விலும் அவருக்குப் பங்கு உண்டு. தாவரங்களைத் தேடிப் போன இடங்களில் எல்லாம் பாறை, தாது, உள்ளூர்த் தொழில் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டார். அக்னிகுண்டாலா பற்றியும், காளஹஸ்தி, வேங்கடகிரிப் பக்கத்துச் செம்பு பற்றியும் அவர் எழுதியவை 1814இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெற்றன. 1819இல் அவர் சென்னையில் காலமானார்.

ஹெய்ன் காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளே அலைகளைத் தாண்டிப் பண்டங்களையும் ஆட்களையும் கொண்டு சேர்த்தன. சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் 1806இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் நெல்லூர்க் கரை வழியாக வடக்கே நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. உப்பும் விறகும் அவ்வழியே சென்னைக்கு வந்தன. துறைமுகப் பணிகள் தொடங்கியது 1870களில்தான். இத்தனை இடர்களுக்கு நடுவே ஐரோப்பா போய்ச் சேர்ந்த கல் மாதிரி ஒவ்வொன்றும், அது எங்கே எடுக்கப்பட்டது என்ற குறிப்பை மட்டுமே துணையாகக் கொண்டிருந்தது.

தாம்சனின் பகுப்பாய்வு, 1814

ஹெய்ன் கொண்டுசென்ற செப்புத் தாது ஒன்று தாமஸ் தாம்சன் என்ற வேதியியலாளரிடம் சேர்ந்தது. டால்டனின் அணுக்கொள்கையைத் தம் பாடநூலில் எழுதி முதன்முதலில் பரப்பியவர் தாம்சன். சிலிக்கான் என்ற பெயரை 1817இல் வழங்கியவரும் அவரே. ஹெய்ன் கொடுத்த தாது மைசூரை ஒட்டிய கிழக்கு எல்லைப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்டது.

தாது கருமை கலந்த பழுப்பு நிறம் கொண்டது. இடையிடையே பச்சையும் சிவப்பும் ஓடியிருந்தன. எளிதில் கீறக்கூடியது. ஒப்படர்த்தி 2.62. படிக முகம் எதுவும் அதில் இல்லை. தாம்சன் அதை அமிலத்தில் கரைத்துப் பகுத்தபோது கிடைத்த அளவுகள் இவை: செப்பு ஆக்சைடு 60.75, கார்பன் டை ஆக்சைடு 16.70, இரும்பு ஆக்சைடு 19.50, சிலிக்கா 2.10, இழப்பு 0.95. மொத்தம் 100.

இந்தப் பட்டியலில் நீர் இல்லை. அதுவரை அறியப்பட்டிருந்த செப்புக் கார்பனேட்டுகளான மலக்கைட்டிலும் அசூரைட்டிலும் நீர் உண்டு. நீரே இல்லாத செப்புக் கார்பனேட்டு இயற்கையில் கிடைத்துவிட்டது என்று தாம்சன் முடிவு செய்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1814இல் அது புதிய செப்புத் தாது இனமாக வெளிவந்தது.

புரூக்கின் அளவீடு, 1820

ஆறு ஆண்டுகள் கழித்து லெட்ஹில்ஸ் படிகங்களை ஆராய்ந்தவர் ஹென்றி ஜேம்ஸ் புரூக். அவர் கம்பளி வணிகத் தொழிலில் இருந்தவர். ஓய்வு நேரத்தைப் படிகங்களுக்குச் செலவிட்டார். லெட்ஹில்ஸின் மூன்று புதிய ஈயத் தாதுக்களை 1820இல் அவர் விவரித்தார். அவற்றில் செம்பு கலந்த ஒன்றே பின்னாளில் கலிடோனைட்டு என்று பெயர் பெற்றது.

புரூக்கின் வேதிக் கணக்கும் சரியானது அன்று. ஈய சல்பேட்டு 55.8, ஈயக் கார்பனேட்டு 32.8, செப்புக் கார்பனேட்டு 11.4 என்று அவர் கணக்கிட்டார். கூட்டினால் 100. நீருக்கோ ஹைட்ராக்சைடுக்கோ இடமில்லை. உண்மையில் கலிடோனைட்டில் ஹைட்ராக்சைடு உண்டு, கார்பனேட்டின் பங்கும் அவர் சொன்னதைவிடக் குறைவு. தாம்சனின் கணக்கில் விடுபட்டது எதுவோ அதுவே புரூக்கின் கணக்கிலும் விடுபட்டிருந்தது.

ஆனால் புரூக் மற்றொன்றையும் செய்திருந்தார். படிகத்தின் முகங்களுக்கு இடையிலான கோணங்களை அளந்திருந்தார். அதற்குரிய கருவியை உல்லாஸ்டன் 1809இல் உருவாக்கியிருந்தார். படிகத்தைச் சுழலும் வட்டு ஒன்றில் பொருத்தி, ஒரு முகத்திலிருந்து ஒளி பிரதிபலித்துக் கண்ணில் படும் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முகத்திலிருந்து அதே ஒளி வரும்வரை வட்டைச் சுழற்ற வேண்டும். சுழற்றிய அளவிலிருந்து முகங்களின் கோணம் கிடைக்கும். ஒரு கனிமத்தின் படிகம் பெரிதானாலும் சிறிதானாலும் அதன் கோணங்கள் மாறுவதில்லை. கலிடோனைட்டின் கோணங்கள் ஆங்கிலசைட்டுக்கும் செருசைட்டுக்கும் மலக்கைட்டுக்கும் உரியவை அல்ல. எனவே, அது ஏற்கெனவே அறிந்த கனிமங்களின் கலவையாக இருக்க முடியாது. வேதிக் கணக்கில் பிழை இருந்தபோதும், தனி இனம் என்ற முடிவு கோணங்களின் மேல் நின்றது.

பெயர் சூட்டல், 1832

அன்றைய கனிமப் பெயர்கள் வாக்கியம் போல நீண்டிருந்தன. லெட்ஹில்ஸ் கனிமம் செம்பு கலந்த ஈய சல்பேட்டோ-கார்பனேட்டு என்று வழங்கியது. ஹெய்ன் கொடுத்த தாது நீரற்ற செப்புக் கார்பனேட்டு என்று வழங்கியது. பியூடான் தம் கனிமவியல் நூலின் 1832ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றுக்குச் சுருக்கமான பெயர்கள் வைத்தார். ஒன்று கலிடோனைட்டு. மற்றொன்று, மைசூருக்கு ஐரோப்பியர் வழங்கிய மைசோர் என்ற வடிவத்திலிருந்து, மைசோரின்.

பெயர் வந்ததும் இரண்டும் பாடநூல்களில் சமமாக இடம்பெற்றன. படிப்பவருக்கு இரண்டின் பின்னால் இருந்த சான்றுகள் சமமாக இல்லை என்பது தெரிய வழியில்லை. மைசோரினுக்கு இருந்தது ஒரே ஒருவரின் ஒரே ஒரு வேதிப் பகுப்பாய்வு. எடுத்த இடமோ எல்லைப் பகுதி என்ற அளவில்தான் தெரிந்தது.

மாலெட்டின் மறுஆய்வு, 1879

இந்தியப் புவியியல் ஆய்வகம் 1851இல் தொடங்கியது. அதில் பணியாற்றிய பிரெடரிக் ரிச்சர்டு மாலெட் நெல்லூர் மாவட்டத்து மைசோரினையும் அட்டகமைட்டையும் ஆராய்ந்து 1879இல் ஆய்வகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். மைசோரின் தனி இனம் அல்ல, தூய்மையற்ற மலக்கைட்டே என்பது அவர் முடிவு. பின்னர் வந்த கனிமவியல் நூல்களும் அதையே ஏற்றன. 65 ஆண்டுகள் தனி இனமாக எண்ணப்பட்ட மைசோரின், அதன்பின் மலக்கைட்டின் கீழே ஒரு துணைக்குறிப்பாகச் சுருங்கியது.

தாம்சன் தந்த எண்களை இன்றைய மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரே சரிபார்க்கலாம். செப்பு ஆக்சைடின் மூலக்கூறு நிறை 79.5. 60.75ஐ அதனால் வகுத்தால் 0.764. கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. 16.70ஐ அதனால் வகுத்தால் 0.380. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2.01. அதாவது செப்பு ஆக்சைடு 2, கார்பன் டை ஆக்சைடு 1. மலக்கைட்டில் இருக்கும் விகிதமும் இதுவே. மலக்கைட்டின் சாயல் தாம்சனின் அட்டவணையிலேயே இருந்தது. இல்லாதது நீர் மட்டும்.

இந்த விகிதத்துக்கு உரிய நீரைக் கணக்கிட்டால் 0.380ஐ 18ஆல் பெருக்கி 6.8 வருகிறது. அதைத் தாம்சனின் அட்டவணையில் இழப்புக்குப் பதிலாகச் சேர்த்தால் கூட்டுத்தொகை 106ஐ நெருங்குகிறது. ஆகவே அவருடைய அளவுகளில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்திருக்க வேண்டும். கூட்டுத்தொகை 100 ஆக வந்துவிட்டது என்பதால் மட்டும் ஒரு பகுப்பாய்வு சரியாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று. ஒரு பக்கத்துக் கூடுதலும் மறுபக்கத்து விடுபாடும் ஒன்றையொன்று மறைத்துவிடலாம்.

மற்றோர் எச்சரிக்கையும் அந்த அட்டவணையில் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு இரும்பு ஆக்சைடு. ஆக்சிசனேற்ற மண்டலத்தில் செப்புத் தாதுவோடு துருவும் கலந்து கிடப்பது இயல்பு. நிறம் பழுப்பானதற்கும் இரும்பே காரணமாகலாம். பழுப்புக்கு நடுவே ஓடிய பச்சை, உள்ளே இருப்பது எது என்பதைக் காட்டிக்கொண்டே இருந்தது.

அட்டகமைட்டும் சென்னைச் செப்புத் திருமேனிகளும்

மாலெட் ஆராய்ந்த மற்றொரு கனிமமான அட்டகமைட்டு, செம்பு, குளோரின், ஹைட்ராக்சைடு மூன்றும் சேர்ந்தது. தென்னமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தின் பெயரைக் கொண்டது. உப்பு இருக்கும் இடத்தில் செம்பு ஆக்சிசனேற்றம் பெற்றால் இது தோன்றும். கடற்கரை ஊர்களில் செப்புப் பொருள்கள் விரைவில் பச்சையாவதிலும் உப்பின் பங்கு பெரிது.

பழைய செப்புத் திருமேனிகளில் இவ்வகைக் குளோரைடுகள் உள்ளே தங்கிவிட்டால், ஈரம் படும்போதெல்லாம் வெளிர்பச்சைப் பொடி கிளம்பி உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். அருங்காட்சியகத்தார் இதை வெண்கல நோய் என்பர். இதற்கு மாறாக, மலக்கைட்டுப் படலம் நிலையானது. கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். ஒன்றை நீக்கியாக வேண்டும், மற்றொன்றைத் தொடாமல் விடலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் 1930களில் இருந்து இப்பணியைச் செய்துவருகிறது. பச்சையின் பெயரைச் சரியாக அறிவது அங்கே ஒரு திருமேனியைக் காப்பாற்றும் அல்லது இழக்கும் கேள்வி.

1973இல் வந்த இரு முடிவுகள்

இரண்டு பெயர்களின் கதையும் 1973இல் மீண்டும் ஒரே ஆண்டில் சந்திக்கிறது. இத்தாலிய ஆய்வாளர் மூவர் அவ்வாண்டு எக்சு கதிர்களைக் கொண்டு கலிடோனைட்டின் உள் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஈயம், செம்பு, சல்பேட்டு, கார்பனேட்டு, ஹைட்ராக்சைடு ஆகிய ஒவ்வொன்றும் படிகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அப்போது தெளிவானது. 1820இல் கோணங்களை மட்டும் கொண்டு சொன்ன முடிவு 153 ஆண்டுகள் கழித்து அணு அளவில் உறுதிப்பட்டது.

அதே 1973இல் ஜெர்மனியில், ஹைட்ராக்சைடு கலக்காத எளிய செப்புக் கார்பனேட்டு ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அதற்கு 500 பாகை செல்சியஸ் வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 20,000 மடங்கு அழுத்தமும் தேவைப்பட்டன. உருவான பின்னும் ஈரம் பட்டால் அது மாற்றமடையும். மழைநீர் இறங்கிக்கொண்டே இருக்கும் சுரங்க மேற்பகுதியில் நீரற்ற செப்புக் கார்பனேட்டு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இன்றைய விதிமுறை

இன்று புதிய கனிமம் ஒன்றை அறிவிக்க விரும்புவோர் பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். வேதி அமைப்பு, படிக அமைப்பு, இயற்பண்புகள், கிடைத்த இடம் ஆகியவற்றைச் சான்றுகளோடு தர வேண்டும். ஆராய்ந்த மாதிரியை ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். பிற்காலத்தவர் ஐயுற்றால் அதே கல்லை எடுத்து மீண்டும் சோதிக்கலாம். மைசோரினைப் போன்று வந்து நீங்கிய பெயர்கள் கற்பித்த பாடமே இவ்விதிகளில் இருக்கிறது.

சென்னை அருங்காட்சியகமே 1851இல் சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த ஏறத்தாழ 1,100 புவியியல் மாதிரிகளைக் கொண்டுதான் தொடங்கியது. சிலைகளும் நாணயங்களும் பின்னர் வந்தவை. கல்லை எடுத்த இடத்தின் பெயரோடு சேர்த்து வைப்பதற்கு இந்நகரில் அப்படி ஓர் இடம் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஹெய்ன் காலமாகிவிட்டார்.

மதிப்பீடு

தாம்சன் கவனக்குறைவானவர் அல்லர். அவர் காலத்து முன்னணி வேதியியலாளர்களுள் ஒருவர். புரூக் வேதியியலில் அவருக்கு இணையானவரும் அல்லர். இருவரின் பகுப்பாய்விலும் நீர் விடுபட்டது. வேறுபாடு ஆளில் இல்லை, சான்றில் இருந்தது. ஒருவரிடம் ஒரே வகைச் சான்று இருந்தது. மற்றவரிடம் ஒன்றையொன்று சாராத இரண்டு வகைச் சான்றுகள் இருந்தன. ஒன்று தவறியபோது மற்றொன்று தாங்கிக்கொண்டது.

மைசோரின் நீங்கியதால் அந்தத் தாதுவின் மதிப்பு குறையவில்லை. அது செம்பைத் தரும் மலக்கைட்டாகவே அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தென்னிந்திய மண்ணின் கல் ஒன்றுக்கு ஐரோப்பாவில் வைத்த பெயரை, இந்தியச் சுரங்கத்து மாதிரிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று திருத்தியது. பள்ளி ஆய்வகத்தில் பச்சை நிறக் கல் ஒன்று கிடைத்தால் மாணவர் செய்ய வேண்டியதும் இதுதான். எடுத்த இடத்தையும் நாளையும் முதலில் எழுதிக்கொள்வது. கடினத்தன்மை, கீற்றுவண்ணம், ஒப்படர்த்தி, அமிலச் சோதனை ஆகியவற்றில் இரண்டையாவது தனித்தனியே செய்து பார்ப்பது. அவை ஒத்துவந்த பிறகு பெயரைச் சொல்வது.